ஒழுகும் இதய வால்வும் நெஞ்சைக் கிழிக்காத சிகிச்சையும்

(தோட்டப் பிள்ளைக் காப்பக மண்டபத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் சேமலாப நிதி பற்றிக் கதைத்தோம். அதற்கு முந்தின கூட்டத்தில் டெங்கு. இந்த முறை இதய வால்வு பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் கணக்கப்பிள்ளை ஐயா, "இது பெரிய டொக்டர்மார் பேசுற விசயம், உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். நான் டொக்டர் இல்லை. பத்தாம் வகுப்புக்கு மேலே படித்தவனும் இல்லை. ஆனால் கிளினிக் வாங்குகளில் நோயாளரோடு உட்கார்ந்து பல வருசம் கழித்தவன். இன்றைக்குச் சொல்லப் போகிறதை நமக்கு வருகிற வைத்திய அதிகாரியிடம் வாசித்துக் காட்டி, பிழையைத் திருத்திக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

ஏன் இந்த விசயம் என்றால், ஒரு மாதமாக நமது லயங்களில் ஒரு படம் கைத்தொலைபேசி விட்டுத் தொலைபேசி போய்க்கொண்டிருக்கிறது. "நெஞ்சைக் கிழிக்காமல் வால்வு ஒபரேஷன். மூன்றாம் நாள் வீடு" என்று போட்டு, கீழே ஒரு முகவரின் நம்பர். இரண்டு குடும்பத்தார் என்னிடம் வந்து, "ஐயா, கடன் எடுத்தாவது இந்தியாவுக்குப் போகலாமா?" என்று கேட்டார்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் மட்டும் பதில் சொன்னால் போதாது என்று நினைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கமான காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வால்வு என்றால் என்ன? நமக்கு வால்வு தெரியாதா? தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் மெசினின் குழாய்க்கு அடியில் ஒரு புட்வால்வு இருக்கிறது. தண்ணீரை மேலே வர விடும், திரும்பிக் கீழே போக விடாது. அதன் தோல் தேய்ந்துபோனாலோ, ஒரு சருகு சிக்கிக்கொண்டாலோ என்ன நடக்கிறது? மெசின் ஓடுது, சத்தம் வருது, எண்ணெய் எரியுது. தண்ணி மட்டும் வாய்க்காலுக்கு வரவில்லை. இழுத்த தண்ணீரில் பாதி திரும்பவும் கிணற்றுக்கே போகிறது. மெசின் சூடாகி ஒரு நாள் நின்றுவிடும்.

இதயமும் இப்படி ஒரு மெசின்தான். ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை அடிக்கிறது. அதற்குள் 4 வால்வு. அதில் இடது பக்கத்து மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கிற வால்வை மைட்ரல் வால்வு என்கிறார்கள். இரண்டு இதழ், இரட்டைக் கதவு மாதிரி. கதவு பின்பக்கம் திரும்பிவிடாமல் இருக்க, கீழேயிருந்து மெல்லிய நரம்புக் கயிறுகள் பிடித்துக்கொண்டிருக்கும். நம்ம பக்கத்தில் கூடுதலாகப் பழுதாகிறது இந்த வால்வுதான்.

பழுது இரண்டு விதம். ஒன்று, கதவு முழுசாகத் திறக்காது. அது சுருக்கம். மற்றது, கதவு முழுசாக மூடாது. அது ஒழுக்கு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் சொல்கிற மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது.

ஒழுக்கு இருக்கிற இதயம் உடனே காட்டிக்கொடுக்காது. பின்னால் ஒழுகுகிறதையும் சேர்த்துத் தள்ளுவதற்காகக் கீழ் அறை பெருக்கும். பல வருசம் சமாளிக்கும். பிறகுதான் வாளி தூக்கும்போது மூச்சு வாங்கும். படுத்தால் இருமும், இரண்டு தலையணை வேணும், நடுச்சாமத்தில் எழும்பி உட்கார வேணும். நெஞ்சு படபடக்கும், கால் வீங்கும். நமது ஆட்கள் இதை முட்டு என்று நினைத்துத் தூதுவளைக் கஷாயம் குடிக்கிறார்கள். தூதுவளை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் புட்வால்வு ஒழுகினால் மெசினுக்கு எண்ணெய் ஊற்றி என்ன பிரயோசனம்?

இன்னொன்று. எக்கோ ஸ்கான் எடுத்தால் தாளில் இ.எப். என்று ஒரு எண் போடுவார்கள். ஒரு அடிக்கு இதயம் வெளியே தள்ளுகிற பங்கு அது. சாதாரண ஆளுக்கு 55, 60 என்றால் நல்லது. ஆனால் வால்வு கடுமையாக ஒழுகுகிறவருக்கு அந்த எண் ஏமாற்றும். ஏனென்றால் தள்ளுவதில் ஒரு பங்கு பின்பக்கம் போகிறது, அதையும் சேர்த்துத்தான் கணக்கு வருகிறது. ஆகவே வால்வே பழுதான ஆளுக்கு 60க்கு இறங்கினாலே, உடம்பில் ஒரு கஷ்டமும் தெரியாவிட்டாலும், டொக்டர்மார் ஒபரேஷன் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். "எண் நல்லாத்தானே இருக்கு, ஏன் வெட்டணும்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். இழுபட்டுப் போன இதயம் பிறகு வால்வைத் திருத்தினாலும் பழையபடி சுருங்காது.

இப்போது அந்தத் தங்கச்சியின் கதைக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவள் சம்மதித்துத்தான் சொல்கிறேன். அவள் இந்தத் தோட்டமும் இல்லை, தேட வேண்டாம்.

2009இல் முகாமில் இருந்தபோது அவளுக்கு 10 வயது. தொண்டை நோ வந்தது, காய்ச்சல் வந்தது. இரண்டு மூன்று கிழமை கழித்து முழங்கால் வீங்கியது, அது சரியாகி மணிக்கட்டு வீங்கியது. வாதக் காய்ச்சல் என்று சொல்லி மாதாமாதம் பெனிசிலின் ஊசி போடச் சொன்னார்கள். போட்டார்கள். பிறகு மீள்குடியேற்றம், வேறு கிராமம், வேறு ஆஸ்பத்திரி. ஊசிக்காட் எந்தப் பெட்டியில் போனதென்று யாருக்கும் தெரியாது. மூட்டு வலி இல்லைத்தானே, ஊசி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஓடி ஆடித் திரிந்தாள், கலியாணம் கட்டினாள். முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கிளினிக்கில் டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இரைச்சல் கேட்கிறது என்றார். அப்போதுதான் தெரிந்தது மைட்ரல் வால்வு ஒழுகுகிறது என்று. நம் பெண்கள் பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது. அந்த நேரம் உடம்பில் இரத்தம் கூடும். பழுதான வால்வு அதைத் தாங்காது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அவளுக்கு வருத்தம் கூடியது. "ஐயா, ரெண்டு வாளி தண்ணி தூக்கினா நெஞ்சு அடிக்குதுங்க. பிள்ளையத் தூக்கவே பயமா இருக்கு" என்றாள். ஒபரேஷன் செய்ய வேணும் என்று எழுதிக் கொடுத்தார்கள். நெஞ்செலும்பைப் பிளப்பார்கள் என்று கேட்டதும் வீடே அழுதது. அந்த நேரம் பார்த்து ஒரு முகவர் வந்தார். கிழிக்காத ஒபரேஷன், தொடையில் ஒரு துளை, அவ்வளவுதான் என்றார். மாமனார் காணித்துண்டை அடகு வைத்தார். கடன் விண்ணப்பத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? நான்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. "நல்லது, போயிட்டு வாங்கம்மா" என்று கையெழுத்துப் போட்டேன்.

அங்கே உள்ள டொக்டர் நேர்மையான மனுசர். தொண்டைக்குள்ளால் குழாய் விட்டு ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த வால்வுக்கு அந்தச் சிகிச்சை பொருந்தாது, திறந்துதான் செய்ய வேணும், உங்கள் நாட்டிலேயே செய்யலாம், திரும்பிப் போங்கள் என்று சொல்லிவிட்டார். பயணம், தங்குமிடம், பரிசோதனை, முகவர் கூலி எல்லாம் போச்சு. நாலு மாதமும் போச்சு. அவள் திரும்பி வரும்போது கால் இரண்டும் வீங்கி, செருப்புக் கொள்ளாமல் வந்து இறங்கினாள்.

அப்ப அந்தப் படத்தில் இருந்தது பொய்யா? பொய் இல்லை. அதுதான் சிக்கல். உண்மையான சிகிச்சைதான். அதை விளக்கிச் சொல்கிறேன்.

இத்தாலியில் மிலான் நகரத்தில் ஒட்டாவியோ அல்ஃபியேரி என்று ஒரு இதய சத்திரசிகிச்சை நிபுணர். 1991இல் அவர் ஒரு வேலை செய்தார். ஒழுகுகிற வால்வின் இரண்டு இதழையும் நடுவில் ஒரு தையல் போட்டு இணைத்தார். ஒரு பெரிய வாசல் இரண்டு சின்ன வாசல் ஆகிவிட்டது. இரத்தம் இரண்டு பக்கத்தாலும் கீழே இறங்கும், மூடும்போது நடுவில் இடைவெளி இருக்காது. கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். கிழிந்த சாக்கை நடுவில் ஒரு தையல் போட்டுப் பிடிக்கிற மாதிரி. ஆனால் அதையும் நெஞ்சைத் திறந்துதான் செய்தார்.

பிறகு வேறு சிலர் யோசித்தார்கள்: அந்த ஒரு தையலை வெளியிலிருந்தே போட முடியாதா? அப்படி வந்ததுதான் மைட்ராகிளிப். சேலைக்குக் குத்துகிற பின் மாதிரி என்று நினைக்காதீர்கள். துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி, இரண்டு கை உள்ளது, மிகச் சின்னது. தொடை மடிப்பில் உள்ள பெரிய நாளத்தில் துளை போட்டு, அதற்குள்ளால் நீளமான குழாயை இதயத்தின் வலது மேல் அறைக்குக் கொண்டு போவார்கள். இரண்டு மேல் அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் சின்னத் துளை போட்டு இடது பக்கம் போவார்கள். நோயாளி மயக்கத்தில் இருப்பார். தொண்டைக்குள் விட்ட ஸ்கான் குழாய் படம் காட்டிக்கொண்டே இருக்கும். இதயம் அடித்துக்கொண்டே இருக்கும், அதை நிற்பாட்டுவதில்லை. அடிக்கிற இதயத்துக்குள்ளே, படபடக்கிற இரண்டு இதழையும் அந்தக் கிளிப் பிடித்து மூடிக்கொள்ளும். ஒழுக்குக் குறைந்ததா என்று ஸ்கானில் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் திறந்து, இடம் மாற்றித் திரும்பப் பிடிப்பார்கள். தேவையானால் இரண்டாவது கிளிப்பும் போடுவார்கள். சரி என்றானதும் குழாயை வெளியே எடுத்துவிடுவார்கள். கிளிப் அங்கேயே இருக்கும். அனேகமானோர் சில நாளில் வீட்டுக்குப் போகலாம்.

முதல் மனிதருக்கு இது பொருத்தப்பட்டது 2003இல், வெனிசுவேலா நாட்டின் கராகஸ் நகரத்தில். ஐரோப்பாவில் 2008இல் அனுமதி. அமெரிக்காவில் 2013இல் அனுமதி, அதுவும் வால்வே பழுதாகி, நெஞ்சைத் திறந்து செய்ய உடம்பு தாங்காதவர்களுக்கு மட்டும். வால்வு நல்லா இருந்தும் இதயம் பலவீனமாகிப் பெருத்து, அதனால் கதவு இரண்டும் எட்டாமல் ஒழுகுகிறவர்களும் உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்குக் கூடுதலாக இப்படி ஆகும். அவர்களுக்கு 2019இல் அனுமதித்தார்கள்.

அந்த இரண்டாவது கூட்டத்தாரில் செய்த ஒரு பெரிய ஆராய்ச்சி 2018இல் வந்தது. கோ-ஆப்ட் என்று பெயர். 614 பேர். பாதிப்பேருக்கு நல்ல மருந்து மட்டும், பாதிப்பேருக்கு மருந்தோடு கிளிப். இரண்டு வருசத்தில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 46 பேர் இறந்தார்கள், கிளிப் போட்டவர்களில் 29 பேர். பெரிய வித்தியாசம். ஆனால் அதே வருசம் பிரான்ஸ் நாட்டில் 304 பேரில் செய்த ஆராய்ச்சியில் கிளிப் போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை! ஒரே கிளிப், ஒரே வருசம், ஏன் இப்படி? இரண்டாவது ஆராய்ச்சியில் இருந்தவர்களுக்கு இதயம் மிகவும் பெருத்திருந்தது, ஒழுக்கு அவ்வளவு பெரிதில்லை என்று நிபுணர்கள் விளக்கம் சொன்னார்கள். அவர்களுக்கு வருத்தம் இதயத் தசையில், கதவில் இல்லை. முதல் ஆராய்ச்சியில் மருந்தை முழு அளவுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகும் ஒழுகினால்தான் சேர்த்தார்கள். எந்த ஆளுக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

சரி, அந்தத் தங்கச்சிக்கு ஏன் பொருந்தவில்லை? வெளிநாடுகளில் இந்தக் கிளிப் போடுகிறவர்களில் அனேகர் எழுபது, எண்பது வயதுக்காரர். வயது போய்க் கயிறு அறுந்த வால்வு, அல்லது இதயம் பெருத்து எட்டாமல் போன வால்வு. இதழ் மெல்லிசாக, அசையக்கூடியதாக இருக்கும். கிளிப்புக்குப் பிடிக்க இடம் இருக்கும். நம் ஆட்களுக்கு வருவது வாதக் காய்ச்சலால் வந்த பழுது. காய்ச்சல் வரும்போதெல்லாம் இதழில் தழும்பு விழுந்து விழுந்து, அது மாட்டுத்தோல் மாதிரித் தடித்துச் சுருங்கிப் போகும். ஓரம் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மூடவும் மாட்டாது, முழுசாகத் திறக்கவும் மாட்டாது. நல்ல வால்வு திறந்தால் 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் வாசல் இருக்கும். கிளிப் போட்டால் வாசல் இன்னும் சிறுக்கும் என்று சொன்னேன் அல்லவா? ஏற்கெனவே சுருங்கின வாசலுக்கு நடுவில் கிளிப்பையும் போட்டால் ஒழுக்கு நிற்கலாம், ஆனால் இரத்தம் இறங்க வழி இருக்காது. ஒழுக்கை அடைக்கப் போய்ச் சுருக்கத்தை உண்டாக்கின கதை. வாதக் காய்ச்சல் வால்விலும் பொருந்தும் வடிவம் உள்ள சிலருக்கு நிபுணர்கள் போட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இளம் வயதுத் தடித்த வால்வுக்கு முதல் வழி அது இல்லை.

இங்கே பலூன் சிகிச்சை பற்றியும் சொல்ல வேணும். ஏனென்றால் "என் மச்சாளுக்குப் பலூன் போட்டுத்தானே சுகமாச்சு" என்று யாராவது கேட்பீர்கள். ஜப்பானில் காஞ்சி இனோவே என்பவர் 1982இல் தொடங்கிய முறை அது. ஒட்டிப்போன இதழ்களைப் பலூன் ஊதிப் பிரிப்பது. நம் நாட்டு அரச ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள், நல்ல முறை, கிழிப்பதும் இல்லை. ஆனால் அது சுருக்கத்துக்கு. கடும் ஒழுக்கு உள்ளவருக்குப் பலூன் ஊதினால் ஒழுக்கு இன்னும் கூடும். உங்கள் மச்சாளுக்குச் சுருக்கம், உங்களுக்கு ஒழுக்கு. ஒரே வால்வு, ஒரே காய்ச்சல், வைத்தியம் மட்டும் வேறு.

டாவி என்று இன்னொரு பெயரும் அந்தப் படத்தில் போட்டிருந்தது. பிரான்சில் அலேன் கிரிபியே என்ற டொக்டர் 2002இல் முதலில் செய்தது. மடித்த வால்வைக் குழாய்க்குள்ளால் கொண்டுபோய் விரித்து வைப்பது. அது அயோட்டா என்ற பெருநாடி வால்வு வயதாலே சுண்ணாம்பு படிந்து சுருங்கினவர்களுக்கு. புதிய வால்வு அந்தச் சுண்ணாம்பில்தான் பிடித்து நிற்கும். வெறும் ஒழுக்கு உள்ள வால்வில் பிடிப்பு இருக்காது, நழுவிப் போகலாம். அதற்கென்று வேறு வகைகள் வந்துகொண்டிருக்கின்றன, அது நமக்கு இப்போது தூரத்து விசயம்.

நெஞ்சு நடுவில் பிளக்காமல், வலது பக்க விலா எலும்புகளுக்கு இடையில் சின்னதாக வெட்டிச் செய்கிற ஒபரேஷனும் இருக்கிறது. எலும்பு பிளப்பதில்லை என்பதால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் இதையும் கிளிப்பையும் ஒன்றென்று நினைக்கக் கூடாது. இதில் இதயத்தை நிறுத்தி, மெசினில் இரத்தம் ஓடவிட்டுத்தான் செய்கிறார்கள். வெளியே தெரிகிற தழும்பு சிறிசு, உள்ளே செய்கிற வேலை அதேதான். எல்லா வால்வுக்கும், எல்லா இடத்திலும் செய்யவும் முடியாது.

அந்தப் பிள்ளைக்குக் கடைசியில் கொழும்பில் அரச ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஒபரேஷன் செய்தார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. திருத்தப் பார்த்தார்கள், இதழ் மிகவும் கெட்டுப்போனதால் முடியவில்லை. உலோக வால்வு வைத்தார்கள். ஆறு எட்டு கிழமை நெஞ்செலும்பு ஒட்டும் வரைக்கும் பாரம் தூக்கக் கூடாது. மாமியார் பிள்ளையைப் பார்த்தா. இப்போது வேலைக்கு வருகிறாள், இலேசான வேலை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அவள் நெஞ்சில் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்குமாம். முதலில் புருசனுக்கு நித்திரை வரவில்லை. இப்போது அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் நித்திரை வராது என்கிறான்.

செயற்கை வால்வு என்றால் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் வலியத்தான் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் குழு, ஏழைகள் வாங்கக்கூடிய விலையில் ஒரு வால்வு செய்யப் பாடுபட்டது. முதல் மூன்று மாதிரியும் தோல்வி. நாலாவது மாதிரிதான் சரிவந்தது. 1990 டிசம்பர் 6ஆம் திகதி முதல் நோயாளிக்கு வைத்தார்கள். ரி.ரி.கே. கம்பனி அதைத் தயாரிக்கிறது. இன்றைக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்தாயிற்று. நம்மைப் போன்ற ஆட்களுக்கு நம்மைப் போன்ற ஆட்கள் வாழ்கிற தேசத்தில் செய்தது. எனக்கு இதைச் சொல்லும்போது ஒரு பெருமை.

ஆனால் உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுக்க வாவரின் குளிசை குடிக்க வேணும். வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க. ஐ.என்.ஆர். என்று இரத்தம் சோதித்து அளவு பார்ப்பார்கள், மைட்ரல் வால்வுக்கு அனேகமாக 2.5க்கும் 3.5க்கும் நடுவில் வைப்பார்கள். குறைந்தால் வால்வு அடைபடும், கூடினால் இரத்தம் கசியும். கீரை சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். சாப்பிடலாம். ஆனால் ஒரு கிழமை தினமும் முருங்கையிலை, மறு கிழமை ஒன்றுமே இல்லை என்று இருக்கக் கூடாது. ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். கடையில் வாங்குகிற நோக் குளிசை, நாட்டு மருந்து, டொக்டரைக் கேட்காமல் கூடாது. காய்ச்சல் வந்தால், டெங்கு என்று சந்தேகம் என்றால், பல்லுப் பிடுங்கப் போனால், முதல் வார்த்தையாக "எனக்கு வால்வு வச்சிருக்கு, வாவரின் குடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். இன்னொரு பிள்ளை வேணும் என்று நினைக்கிற பெண்கள், வயிற்றில் தங்குவதற்கு முன்னாலேயே டொக்டரோடு கதைக்க வேணும். முதல் மூன்று மாதத்தில் வாவரின் கருவைப் பாதிக்கும். அதற்காகத் தாங்களாகவே குளிசையை நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. இரண்டு பக்கமும் பள்ளம், டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேணும்.

மாட்டு, பன்றித் திசு வால்வுக்கு வாவரின் நீண்டகாலம் தேவையில்லை. ஆனால் அது இளம் வயதுக்காரருக்குச் சீக்கிரம் தேயும், திரும்ப ஒபரேஷன் வரும். எது வேணும் என்று நாம் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். கேட்க உரிமை உண்டு.

இப்போது அந்த இரண்டு குடும்பத்தாருக்கும் பதில். கடன் எடுப்பதற்கு முன்னால், உங்கள் எக்கோத் தாளோடு கிளினிக்குக்குப் போங்கள், நானும் வருகிறேன். டொக்டரிடம் கேளுங்கள்: எனக்கு ஒழுக்கா, சுருக்கமா, இரண்டுமா? வாதக் காய்ச்சலால் வந்ததா, வேறா? மருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாச்சா? திருத்த முடியுமா, மாற்ற வேணுமா? கிளிப் எனக்குப் பொருந்துமா? பொருந்தும் என்று இதய நிபுணர் எழுதித் தந்தால் பிறகு மற்றதை யோசிக்கலாம். முகவர் சொல்லி அல்ல. இந்தியாவில் சென்னை உட்படப் பல நகரங்களில் கிளிப் போடுகிறார்கள், குஜராத்தில் மெரில் கம்பனி மைகிளிப் என்று இந்தியத் தயாரிப்பும் கொண்டுவந்திருக்கிறது. இனி விலை இறங்கலாம். இப்போதைக்குப் பல லட்சம். ஜனாதிபதி நிதியத்தில் ஒபரேஷனுக்கு உதவி கேட்கலாம். 2025இலிருந்து கொழும்புக்கு அலையாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்பித் தருவது என் வேலை. இந்த முறை கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரி, எங்கே கிளினிக் இருந்தாலும் அங்கிருந்து யாழ்ப்பாணம், அனுராதபுரம், கண்டி, கொழும்பு என்று அனுப்புவார்கள். தூரம்தான். ஒரு நாள் பேர் போகும், அதுவும் தெரியும். கிளினிக் காட் காட்டினால் அந்த நாளைக்கு லீவு தருவதற்கு நிர்வாகத்தோடு கதைத்திருக்கிறேன். துரை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கடைசியாகச் சொல்ல வைத்தது ஊசி. கிளிப்பை விட, வால்வை விட, எனக்கு இதுதான் பெரிய விசயம். 5 வயதிலிருந்து 15 வயது வரைக்கும் உள்ள பிள்ளைக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் உப்புத் தண்ணீர் கொப்பளித்து விட்டுவிடாதீர்கள், காட்டுங்கள். ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிற நம் வீடுகளில் அந்தக் கிருமி ஒரு பிள்ளையோடு நிற்காது. வாதக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் 3 அல்லது 4 கிழமைக்கு ஒரு பெனிசிலின் ஊசி. மூட்டு வலிக்காக அல்ல, காய்ச்சல் திரும்ப வந்து வால்வைத் தின்னாமல் இருப்பதற்காக. வால்வு பழுதானவருக்கு 40 வயது வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும் போடச் சொல்வார்கள். உகண்டா நாட்டில் வால்வில் ஆரம்பப் பழுது மட்டும் இருந்த 818 பிள்ளைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து 2021இல் வெளியிட்டார்கள். இரண்டு வருசத்தில் ஊசி போட்ட பிள்ளைகளில் 100க்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் பழுது கூடியது. போடாதவர்களில் 100க்கு 8 பேருக்குக் கூடியது. ஊசி நோகும், தெரியும். தாதியிடம் சொன்னால் மெதுவாகப் போடுவார்கள். வாவரின் குடிக்கிறவர்களுக்கு மட்டும் ஊசியா குளிசையா என்று டொக்டர் தீர்மானிப்பார்.

அந்தத் தங்கச்சியின் காட் தொலைந்து போனது மாதிரி இனி ஒன்று தொலையக் கூடாது என்பதற்காக ஒரு கொப்பி போட்டிருக்கிறேன். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தவர்கள், ஒரு காலத்தில் ஊசி போட்டு இடையில் விட்டவர்கள், நெஞ்சில் இரைச்சல் இருக்கு என்று எப்போதாவது யாராவது சொல்லக் கேட்டவர்கள், வெள்ளிக்கிழமை பெரட்டுக்கு முன்னால் பெயரைக் கொடுங்கள். பழைய காட் ஓட்டையாக இருந்தாலும், எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வான் பிள்ளைக் காப்பகத்துக்கு முன்னால் நிற்கும். பத்துப் பேருக்கு இடம் இருக்கிறது. கூட வந்தால் இன்னொரு நாளும் போகலாம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். வெற்றிலை போட்டிருக்கிற பெரியம்மா, நீங்கள் கையைத் தூக்கி ரொம்ப நேரமாச்சு, முதலில் நீங்களே கேளுங்கள்.